மதினி திருத்திய கடிதங்கள்

ஜன்னல் பக்கம் நீங்களே உட்காருங்கள் அக்கா. எனக்கு இன்றைக்கு எங்கே உட்கார்ந்தாலும் காற்று வரும். பரீட்சை எழுதிவிட்டு வருகிறேன். ஆமாம், நான்தான். பிளஸ் டூ இங்கிலீஷ், தனித்தேர்வர். வயது இருபத்தேழுதான், பிள்ளை பெற்றதில் கொஞ்சம் சதை போட்டுவிட்டது. ஹாலில் ஒரு பையன் என்னை சூப்பர்வைசர் என்று நினைத்து எழுந்து நின்று வணக்கம் சொன்னான். நானும், "உக்காரு, உக்காரு" என்று சொல்லிவிட்டு அவனுக்குப் பின்னால் போய் உட்கார்ந்தேன். அவன் முகத்தைப் பார்க்கணுமே!

இந்தாருங்கள், கருப்பட்டி மிட்டாய். சும்மா எடுங்கள். என் மகளுக்கு வாங்கினதுதான், நிறைய இருக்கிறது. வர்ஷிகா என்று பெயர், யு.கே.ஜி. படிக்கிறாள். பாளையங்கோட்டையில் என் மதினி வீட்டில் இருக்கிறாள். கூட்டிக்கொண்டு வரத்தான் போகிறேன். பார்த்து முப்பத்தாறு நாள் ஆகிறது. பரீட்சை முடிகிறவரைக்கும் மதினி வைத்துக்கொண்டார். இந்தக் காலத்தில் யார் அப்படிச் செய்வார்கள், சொல்லுங்கள்.

மதினி என்றால் என் வீட்டுக்காரரின் அக்கா. மரகதவல்லி டீச்சர். பெரிய இங்கிலீஷ் மீடியம் பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் எடுக்கிறார். அவர் இல்லாவிட்டால் நான் இந்தப் பரீட்சைப் பக்கமே வந்திருக்க மாட்டேன்.

எனக்கு எட்டு வருஷம் முன்னால் இங்கிலீஷ் மட்டும் போய்விட்டது. இருபத்தொன்பது மார்க். அதோடு கல்யாணம், அதோடு வர்ஷி. இவர் மஸ்கட்டில் கிரேன் ஓட்டுகிறார். எங்கள் ஊர் அங்கன்வாடி டீச்சர் வருகிற மே மாதம் ரிட்டையர் ஆகிறார். "பிளஸ் டூவை முடிச்சு வை வடிவு, மனு போடலாம்" என்று அவர்தான் ஆசை காட்டினார். என் முழுப்பெயர் சுடலைவடிவு. அங்கன்வாடி எங்கள் வீட்டிலிருந்து முப்பது எட்டு வைத்தால் வந்துவிடும். கதவைப் பூட்டாமலே வேலைக்குப் போய் வரலாம். விட மனசு வருமா?

இலக்கணம் எல்லாம் மனப்பாடம் பண்ணிவிடலாம். சொந்தமாக எழுது என்று ஒரு பகுதி வருகிறதே, கடிதம், கட்டுரை, அதுதான் என்னைக் கவிழ்த்தது. எங்கள் பள்ளிக்கூடத்தில் காய்ச்சல் லீவு லெட்டர் ஒன்றுதான் சொல்லிக்கொடுத்தார்கள். பரீட்சையில் பேங்க் மேனேஜருக்கு எழுது என்று வந்தது. நான் பேங்க் மேனேஜருக்கே எனக்குக் காய்ச்சல் என்று எழுதினேன். சிரிக்காதீர்கள், எங்கள் வகுப்பில் பாதிப் பேர் அதைத்தான் எழுதினோம்.

போன ஆவணியில் மதினி ஊருக்கு வந்தபோது இதைச் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தார். அப்புறம், "நான் சொல்லித்தாரேன். வாரம் ரெண்டு தலைப்பு தருவேன். நீ எழுதி போட்டோ எடுத்து அனுப்பு. நான் திருத்தி அனுப்புவேன். அதைப் பார்த்து நல்ல தாளில் அழகா எழுதி, தபால்ல எனக்குப் போடணும். ஃபைல்ல வச்சா உன் முன்னேற்றம் தெரியும்" என்றார். எவ்வளவு ஒழுங்கு பாருங்கள்!

ஒரு விஷயம் சொன்னார், அது எனக்கு ரொம்பப் பிடித்துப்போனது. பரீட்சைத்தாளில் நம் பெயர், ஊர் போடக்கூடாது இல்லையா, பெயருக்கு எக்ஸ் எக்ஸ் எக்ஸ் என்றும் ஊருக்கு ஒய் ஒய் ஒய் என்றும்தானே போடச் சொல்வார்கள். மதினி, "பழகும்போது அப்படி எழுதினா மனசு ஒட்டாது. உன் நிஜப் பேரு, நிஜ ஊரு, நிஜத் தேதி போடு. அடியில உன் நிஜக் கையெழுத்தைப் போடு. உன் வீட்டு விஷயத்தை எழுது, வார்த்தை தானா வரும்" என்றார். வாஸ்தவம்தானே? தெரியாத பேங்க் மேனேஜருக்கு நான் என்னத்தை எழுத?

முதல் தலைப்பு லீவு லெட்டர். இரண்டாவது, என் வீடு. மூன்றாவது, என் வீட்டில் நடந்த ஒரு விபத்து. வர்ஷிக்கு மூன்று வயதில் கஞ்சி கையில் கொட்டிவிட்டது. பெரிதாக ஒன்றும் இல்லை, மருந்து போட்டோம், ஒரு வாரத்தில் ஆறிவிட்டது. அதை எழுதினேன். மதினி திருத்தி அனுப்பினதைப் பார்த்தால், அடுப்பைப் பற்றவைத்துவிட்டு நான் டி.வி. பார்த்துக்கொண்டிருந்தேன் என்று இருக்கிறது!

போன் போட்டேன். "என்ன மதினி, நான் அவ பக்கத்துலதான நின்னேன்?"

"தெரியும்டி. ஆனா கட்டுரைன்னா ஒரு காரணம் வேணும். சும்மா கொட்டிருச்சுன்னு எழுதினா திருத்துறவன் ரெண்டு மார்க்தான் போடுவான். தப்பை ஒத்துக்கிட்டு வருத்தப்பட்டு முடிச்சா அஞ்சு."

அஞ்சு மார்க்குக்காக நான் டி.வி. பார்த்தேன் என்று எழுதிவிட்டேன். அதில் என்ன இருக்கிறது? கதைதானே.

அதற்குப் பிறகு மதினிக்கே உற்சாகம் வந்துவிட்டது. கோபத்தில் நான் செய்த ஒரு தவறு, இப்படி ஒரு தலைப்பு. தனியாகப் பிள்ளை வளர்ப்பதன் கஷ்டம், இப்படி ஒன்று. கோபத்துக்கு என்ன எழுத? ஒரே ஒரு தடவை, நடு ரோட்டில் ஓடினாள் என்று முதுகில் ஒன்று வைத்தேன். அதை எழுதினேன். திருத்தி வந்ததில் கரண்டி வந்துவிட்டது, கதவைப் பூட்டினது வந்துவிட்டது. வாசித்துவிட்டு எனக்கே என்மேல் கோபம் வந்ததென்றால் பாருங்களேன், அவ்வளவு நல்ல எழுத்து. வர்ஷியைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டுதான் அதை நல்ல தாளில் எழுதினேன். "என்னம்மா எழுதுற?" என்றாள். "உன்னை அடிச்சதை எழுதுதேன்" என்றேன். "எப்ப அடிச்ச?" என்கிறாள்! அவளுக்கு அந்த முதுகு அடிகூட ஞாபகம் இல்லை.

என்ன அக்கா, மிட்டாய் பிடிக்கவில்லையா? கையிலேயே வைத்திருக்கிறீர்களே.

எங்கள் பக்கத்து வீட்டில் பொன்னுத்தாய் என்று ஒருத்தி. வாய் கொஞ்சம் நீளம். நான் கவரில் மதினி விலாசம் எழுதும்போதெல்லாம் வந்து நிற்பாள். "ஏட்டி வடிவு, பரீட்சைக்குப் படிக்கியா, இல்ல ஒன் குடும்பக் கதையை எழுதி எழுதி மதினிக்கு அனுப்புதியா? இத்தன லெட்டரு எம் மாப்பிள்ளைக்குக்கூட நான் எழுதுனதில்ல."

"ஒனக்கு எழுதத் தெரிஞ்சாத்தான எழுதுவ" என்றேன். மூஞ்சியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். பொறாமைதான். அவள் பத்தாவதோடு நின்றவள்.

மதினிக்குப் பிள்ளை இல்லை, அதைச் சொல்லவில்லையே. கல்யாணமாகிப் பதினெட்டு வருஷம். மதுரை, கோயம்புத்தூர் என்று போகாத ஆஸ்பத்திரி இல்லை. இப்போது நாற்பத்தைந்து ஆகிவிட்டது, விட்டுவிட்டார்கள். வீடு முழுக்க ஏ.சி., தரை கண்ணாடி மாதிரி இருக்கும், ஒரு பொருள் இடம் மாறாது. எனக்கு அந்த வீட்டில் உட்காரவே கூச்சமாக இருக்கும். பொங்கலுக்கு நாங்கள் போயிருந்தபோது வர்ஷி அந்தத் தரையில் சாக்பீஸால் வட்டம் வட்டமாகக் கிறுக்கிவிட்டாள். நான் பதறிப்போய்த் துணியை எடுத்தேன். மதினி என் கையைப் பிடித்துக்கொண்டார். "அழிக்காதே வடிவு." கண்ணெல்லாம் தண்ணீர். எனக்கு அன்றைக்கு அவர்மேல் வந்த இரக்கம் கொஞ்சநஞ்சம் இல்லை. ஆண்டவன் ஒருத்திக்கு எல்லாம் கொடுத்து இதைக் கொடுக்காமல் விட்டானே என்று.

அன்றைக்குத்தான் கேட்டார். "ரெண்டு மாசம் இவ இங்க இருக்கட்டுமே. நீ நிம்மதியா படிப்பியே."

அந்த முகத்தைப் பார்த்து எப்படி இல்லை என்பது? சரி என்றேன். ஆனால் அதையும் பாடமாக்கிவிட்டார் பாருங்கள், அதுதான் டீச்சர். "நீ வாயால சொன்னா போதுமா? நர்சரி ஸ்கூலுக்கு டி.சி. கேட்டு ஒரு லெட்டர் எழுது. இது பரீட்சையில கட்டாயம் வரும்." அவர் வீட்டு மேஜையிலேயே உட்கார்ந்து எழுதினேன். ஒரு தப்பு இல்லை. எங்கள் ஊர் நர்சரியில் இங்கிலீஷில் எழுதிக் கொடுத்தால்தான் வாங்குவார்கள். லீவு முடிந்த மறுநாளே மதினியின் வீட்டுக்காரர், அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன், காரில் போய் டி.சி.யை வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். நான் எழுதின லெட்டர் ஒரு ஆபீஸில் செல்லுபடி ஆகிவிட்டதே என்று எனக்குத் தலைகால் புரியவில்லை.

இரண்டு மாசத்துக்கு டி.சி. எதற்கென்று பொன்னுத்தாயும் கேட்டாள். பிள்ளை அங்கே சும்மா இருந்தால் படிப்புப் போய்விடாதா? மதினி தன் பள்ளிக்கூடத்திலேயே சேர்த்துக்கொண்டார். நீங்களும் அதையேதான் கேட்கிறீர்கள்.

முதலில் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போய்ப் பார்த்தேன். நான் கிளம்பும்போது அவள் ஓடி வந்து காலைக் கட்டிக்கொள்வாள். மதினிக்கு அது தாங்கவில்லை. "நீ வந்துட்டுப் போனா மூணு நாள் சாப்பிட மாட்டேங்கா. பரீட்சை முடிஞ்சு மொத்தமா வா" என்றார். சரிதானே? பிள்ளை சாப்பிடணுமே. அதோடு போகவில்லை. போனில் பேசலாம் என்றால் ஒரு நாள் தூங்குகிறாள், ஒரு நாள் டான்ஸ் கிளாஸ், ஒரு நாள் நீச்சல். நீச்சலாம்! எங்கள் ஊர்க் குளத்தில் கால் நனைக்க விடமாட்டேன் நான்.

கடைசியாக ஒரு கடிதம் கொடுத்தார், அதுதான் ரொம்பக் கஷ்டம். தலைப்பே ஒரு பத்தி நீளம். ஒரு தாய், தன்னால் தன் மகளைச் சரியாக வளர்க்க முடியவில்லை என்று கணவனின் அக்காவுக்கு எழுதி, நீங்களே அவளை உங்கள் மகளாக வளர்த்துக்கொள்ளுங்கள் என்று கேட்டுக்கொள்வது போல.

"இப்படிக் கூடவா மதினி கேப்பாங்க?"

"எப்படி வேணா கேப்பாங்க. உணர்ச்சியோட எழுதத் தெரியுதான்னு பாப்பாங்க."

எழுதினேன். எழுத எழுத அழுகை வந்துவிட்டது. வர்ஷி வேறு வீட்டில் இல்லையா, நிஜம் மாதிரியே இருந்தது. தாளில் இரண்டு சொட்டு விழுந்து மை பரவிவிட்டது. வேறு தாளில் எழுதட்டுமா என்று கேட்டேன். "வேண்டாம், அப்படியே அனுப்பு" என்றார். அதற்குத்தான் முழு மார்க் போட்டார். அஞ்சுக்கு அஞ்சு. அன்றைக்குவரை ஒரு கட்டுரைக்கும் நாலுக்கு மேல் போட்டதில்லை.

அய்யோ, ஏன் அக்கா அப்படிப் பார்க்கிறீர்கள்? பாடம்தானே. இவருக்குத் தெரியுமா என்றா? இல்லையே, இவருக்கு நான் படிக்கிறதே தெரியாது. மதினிதான் சொல்லாதே என்றார். "பாஸ் பண்ணிட்டுச் சொல்லு, அசந்து போவான்." எனக்கும் அது ஆசையாக இருந்தது. எட்டு வருஷமாக, "ஒனக்கு இங்கிலீஷ்தான் வராதே" என்று கிண்டல் பண்ணுகிற மனுஷன். ஆனால் கடைசியில் மதினியே வாய் தவறிச் சொல்லிவிட்டார் போலிருக்கிறது. எனக்கு அதில் கொஞ்சம் வருத்தம்தான்.

அவர் வெள்ளிக்கிழமை ஆனால் ஒரு மணி நேரம் பேசுவார், அன்றைக்கு அங்கே லீவு. கொஞ்ச நாளாகவே மூன்று நிமிஷம்தான். போன வெள்ளிக்கிழமை பேசும்போது சொல்கிறார், "அக்கா அனுப்புனதெல்லாம் பாத்தேன்."

எனக்கு முகமெல்லாம் சிரிப்பு. "பாத்துட்டீங்களா? எப்படி இருக்கு?"

அதற்கு அவர் திருப்பிக் கேட்கிறார், "எல்லாம் நீ எழுதுனதுதானா?"

"பின்ன? என் கையெழுத்து ஒங்களுக்குத் தெரியாதா?"

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லணும்னு தோணலையா வடிவு?"

"எல்லாம் முடிஞ்ச பொறவு சொல்லலாம்னு இருந்தேன்."

"முடிஞ்ச பொறவா" என்றார். அவ்வளவுதான். போனை வைத்துவிட்டார். ஆம்பிளைகளுக்குச் சந்தோஷத்தைக்கூடச் சொல்லத் தெரியாது அக்கா. கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் படித்த பெண்டாட்டி பக்கம் பக்கமாக இங்கிலீஷ் எழுதுகிறாள் என்றால் பெருமையாக இருக்காதா?

என்ன? பரீட்சைக்கு எழுதினது என்று மதினி அவரிடம் சொல்லியிருப்பாரா என்றா? சொல்லாமல் இருப்பாரா? சொல்லியிருப்பார். சொல்லித்தானே இருக்கணும். அக்கா தம்பி, ஒளிவுமறைவே கிடையாது அவர்களுக்குள்.

இல்லை, என்னிடம் ஒன்றும் இல்லை. போட்டோவெல்லாம் போனிலிருந்து அழித்துவிட்டேன், இடம் அடைக்கிறது என்று மதினிதான் அழிக்கச் சொன்னார். நல்ல தாள் எல்லாம் அவர் ஃபைலில் பத்திரமாக இருக்கிறது.

இப்போது நேரே அங்கேதான். நாலு மணிக்குள் வந்துவிடு என்றார். வீட்டுக்கு யாரோ வக்கீல் வருகிறாராம், அவர் முன்னால் ஒரே ஒரு கையெழுத்துப் போடணுமாம். ஸ்கூல் சம்பந்தமான பேப்பர். நேற்றுக் காலையில் அதை போனுக்கு அனுப்பிவிட்டு, "வாசிச்சு மூளையைக் குழப்பிக்காதே, நாளைக்குப் பரீட்சை" என்று செய்தியும் போட்டிருந்தார். அதனால் திறந்துகூடப் பார்க்கவில்லை. எவ்வளவு யோசனை பாருங்கள், அந்த மனுஷிக்கு.

இப்போதா? இப்போது வாசிக்கலாம், அதற்கென்ன. பரீட்சைதான் முடிந்துவிட்டதே. நான் வாசித்து அர்த்தம் சொல்கிறேன், சரியா இருக்கிறதா என்று நீங்கள் சொல்லுங்கள். எனக்கும் ஒரு பழக்கம். கொஞ்சம் வெயில் படாமல் கையை வையுங்கள், தெரியவில்லை.

மேலே முத்திரைத்தாள் படம் இருக்கிறது. ஸ்கூலுக்கு எதற்கு முத்திரைத்தாள்? சரி, இருக்கட்டும். முதலில் இவர் பெயர், செல்லத்துரை. அடுத்து என் பெயர். எங்கள் இரண்டு பேரையும் ஒரு பக்கமாகவும், மதினியையும் அண்ணனையும் இன்னொரு பக்கமாகவும் சொல்லியிருக்கிறது. வர்ஷி பெயர், பிறந்த தேதி. சரிதான், பன்னிரண்டாம் தேதி.

அப்புறம்... நாங்கள், எங்கள் முழுச் சம்மதத்தோடு. யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல். எங்கள் மகளை, இவர்களுக்கு, கொடுக்கிறோம்.

கொடுக்கிறோம் என்றுதான் இருக்கிறது அக்கா. நீங்கள் பாருங்கள். நான் தப்பாக வாசிக்கிறேனா?

இன்று முதல் அவள் அவர்களுடைய மகள். பெற்றவர்கள் என்ற முறையில் எங்களுக்கு அவள்மேல் எந்த உரிமையும் இல்லை. திரும்பக் கேட்க மாட்டோம். பார்க்க வருவதென்றாலும்... இருங்கள். பார்க்க வருவதென்றாலும் அவர்கள் அனுமதித்தால்தான்.

இது ஸ்கூல் பேப்பர் இல்லை.

இல்லை அக்கா, முழுசாக வாசிக்கிறேன். எனக்கு வாசிக்க வருகிறது. அடியில் நாலு பேருக்குக் கோடு போட்டிருக்கிறது. அண்ணன் போட்டிருக்கிறார். மதினி போட்டிருக்கிறார். என் பெயருக்கு மேலே காலி.

இது இவர் கையெழுத்து. கீழே இரண்டு கோடு இழுப்பார், ரேஷன் கார்டில்கூட அப்படித்தான். மஸ்கட் என்று ஊர் போட்டிருக்கிறது. தேதி, போன வெள்ளிக்கிழமை.

அன்றைக்குத்தானே என்னோடு பேசினார். போட்டுவிட்டா பேசினார்?

தண்ணீர் வேண்டாம். இல்லை, மயக்கமெல்லாம் இல்லை, பிடிக்காதீர்கள். இவர் நம்பரைத்தான் போடுகிறேன். எடுக்க மாட்டேன் என்கிறார். டியூட்டியில் இருப்பார். இன்னொரு தடவை... எடுக்கவில்லை.

மதினி போன் அடிக்கிறார் பாருங்கள். அடிக்கட்டும். எங்கே வருகிறாய் என்று கேட்கத்தான் இருக்கும். நான் வந்துகொண்டேதான் இருக்கிறேன் என்று நினைக்கட்டும்.

மானூர் தாண்டிவிட்டதா அக்கா? பஸ் ஸ்டாண்டுக்கு இன்னும் எவ்வளவு நேரம் ஆகும்? நீங்கள் கூட வருகிறீர்களா? வீட்டுக்கு இல்லை, வீட்டுக்கு நான் அப்புறம் போகிறேன். முதலில் ஸ்டேஷனுக்கு. ஒரு பத்து நிமிஷம், கூட நின்றால் போதும். பேசுவதெல்லாம் நானே பேசிக்கொள்வேன்.

போலீஸுக்குத் தமிழில் எழுதிக் கொடுக்கலாம், இல்லையா அக்கா?